மொட்டைக் கிள்ளிவிடு

லாம்புங், சுமத்ரா
4 அக்டோபர் 1979

அன்புள்ள அக்காவுக்கு,

தர்மி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிவிடாதே. ரத்னி பிறந்தபோது எழுதிய கடிதம் அங்கேதான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேலாகியும் பதில் இல்லை. போகட்டும். இதையாவது கடைசிவரை படி.

இங்கே இன்னும் மழை இறங்கவில்லை. அரசாங்கம் எங்களுக்கு என்று அளந்து கொடுத்த நிலத்தில் பாதிதான் காடு வெட்டி முடிந்திருக்கிறது. மரவள்ளி வந்துவிட்டது, நெல் இன்னும் கைக்கு வரவில்லை. பர்னோ விடிந்ததும் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார். அவருடைய பேச்சும் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி, "உம் புருஷன் ஒருத்தர் போதும்டி, ரேடியோ எதுக்கு?" என்று கிண்டல் செய்வாள். இப்போது அவளும் கிண்டலை விட்டுவிட்டாள்.

ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். நம் வீட்டு வெண்செண்பகத்தில் ஒரு கிளையைப் பதியம் போட்டு அனுப்புவாயா? அம்மாவின் மரத்திலிருந்தோ, உன் தொட்டி மரத்திலிருந்தோ, உனக்கு எதில் மனம் வருகிறதோ அதிலிருந்து. இந்தப் பக்கத்தில் அந்தப் பூவே கிடையாது. நம்மைப் போல இங்கே வந்த ஜாவாக்காரர்கள் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி செம்பருத்தியைக் காட்டி, "இதுவும் பூதானே?" என்றாள்.

நான் கொடுத்த வாக்கு எனக்கு மறக்கவில்லை. மூத்தவளைத் தாண்டி முதலில் கல்யாணம் செய்துகொள்கிறவள் மூத்தவள் கேட்கிற தாண்டுசீரைக் கொடுத்தே ஆகவேண்டும். நீ கேட்டாய், நான் தலையாட்டினேன். ஆனால் இங்கே எங்களுக்குத் தொழுகை நடத்துகிறவரிடம் விசாரித்தேன். "கேட்டவங்களே மனசு மாறி வேற ஏதாவது கேட்டு வாங்கிக்கிட்டா, பழசு கழிஞ்சிடும்மா" என்றார். அதனால் வேறு எதையாவது கேள், அக்கா. எதைக் கேட்டாலும் தருகிறேன்.

சீக்கிரம் பூக்கிற கிளையாக இருக்கட்டும். அடுத்த நோன்புக்கு முன்னால் வருகிற ருவா மாதத்துக்குள் ஒரு பூவாவது வேண்டும்.

தர்மி

*

அம்பராவா, ஜாவா
2 நவம்பர் 1979

தர்மிக்கு,

நலம் விசாரிக்கிற வரிகளை விட்டுவிடுகிறேன். எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று எழுதினால் நீ என்ன, கப்பல் ஏறி வந்துவிடப் போகிறாயா? அம்மா போனபோதே வரவில்லை. வயிற்றில் பிள்ளை, தந்தி தாமதம் என்று காரணம் எழுதினாய். காரணம் சொல்வதில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

தாண்டுசீரை மாற்றிக் கேட்க வேண்டுமாம். நான் அதை ஏன் கேட்டேன் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? எனக்குச் சலாதிகா ஊர் மாப்பிள்ளை நிச்சயமானபோது அம்மா தன் மரத்திலிருந்து நல்ல நேர்க்கிளையாகப் பார்த்துப் பதியம் போட்டாள். வேர் விட்டதும் வெட்டித் தொட்டியில் வைத்தாள். நான் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோக. மாப்பிள்ளை ரொட்டிக் கடைக்காரர் பெண்ணோடு போய்விட்டான். தொட்டி நின்றுவிட்டது. இரண்டு வருஷம் கழித்து உன் கல்யாணம் வந்தது. அப்போது அம்மா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி என்ன சொன்னாள்? "அந்தத் தொட்டி சும்மாதானே கெடக்கு, சின்னவ எடுத்துக்கிட்டுப் போகட்டுமே."

சும்மா கிடக்கிறதாம். அம்மா தொட்டியைத்தான் சொன்னாள் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

உன்னை என் முன்னால் மண்டிபோட வைத்து, "பெரியவளே, தாண்டுசீரா என்ன வேணும்? துணியா, மோதிரமா?" என்று கேட்டார்கள். "இந்த வீட்டு வெண்செண்பகத்துலேர்ந்து ஒரு இலைகூட இவளோட போகக்கூடாது. அதான் வேணும்" என்றேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நீ "சரிக்கா" என்றாய். அவ்வளவு சுலபமாகச் சொன்னாய்.

இப்போது ருவா மாதத்துக்குள் பூ வேண்டும் என்கிறாய். உனக்கு எல்லாவற்றிலும் அவசரம். கல்யாணத்திலும் அவசரம், பூவிலும் அவசரம். ருவா மாதத்தில் பூ எடுத்துக்கொண்டு கபருக்குப் போவார்கள். அம்மா இங்கே இருக்கிறாள், நான் போகிறேன், வெண்செண்பகம் வைக்கிறேன். உனக்கு அங்கே யாருடைய கபர் இருக்கிறது?

நான் அரக்கி இல்லை. மரம் வேண்டுமென்றால் வளர்த்துக்கொள். வெண்செண்பகம் விதை வைக்காது என்பது உனக்கே தெரியும். பள்ளிவாசல் முற்றத்து மஞ்சள் செண்பகத்தின் விதை அனுப்பியிருக்கிறேன். சிவப்புத் தோலை உரித்துக் கழுவி, ஈரமான நார்த்தூளில் வைத்து டப்பாவில் அடைத்திருக்கிறேன். காய்ந்தால் முளைக்காது. மார்த்தினா செத்த விதையை அனுப்பினாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது பார்.

எட்டு வருஷத்தில் பூக்கும். அதுவரை காத்திரு. இந்தக் கல்யாண சீசன் முழுக்க ஊரில் உள்ள மணப்பெண்களுக்கெல்லாம் மல்லிகைச் சரம் கோத்து, நுனியில் வெண்செண்பக மொட்டு கட்டிக் கொடுக்கிறவள் நான்தான். காத்திருப்பது எப்படி என்று தெரியாவிட்டால் என்னைக் கேள்.

மார்த்தினா

*

லாம்புங்
9 டிசம்பர் 1979

அக்கா,

விதை வந்து சேர்ந்தது. ஈரம் காயவே இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: ரத்னியின் கபர் இருக்கிறது.

ஆகஸ்டில் போய்விட்டாள். மலைக்காய்ச்சல். இந்தப் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிறது, போகிறது. இவளுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பர்னோ தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். படகுத் துறையில் கையில் தூக்கிப் பார்த்தவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அடக்கும்போது பூ இல்லை, அக்கா. தாழை இலையை நறுக்கித் தூவினார்கள். யாரோ காட்டுப்பூ பறித்து வந்தார்கள், அதற்கு வாசனையே இல்லை. நம் குடும்பத்தில் இதுவரை யாரையாவது வெண்செண்பகம் இல்லாமல் மண்ணில் வைத்திருக்கிறோமா? தாத்தாவுக்கு வைத்தோம். அப்பாவுக்கு வைத்தோம். அம்மாவுக்கு நீ வைத்திருப்பாய். இவள் ஒருத்திதான் வெறும் மண்ணோடு கிடக்கிறாள். ருவா மாதத்தில் ஊரே கூடை கூடையாகப் பூ கொண்டுபோகும்போது நான் எதைக் கொண்டுபோவேன்?

முதல் கடிதத்திலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் உடனே அனுப்பிவிடுவாய் என்று தெரியும். பாவம் பார்த்து அனுப்புவாய். எனக்கு அது வேண்டாம் என்றிருந்தது. நான் கேட்டேன் என்பதற்காக நீ கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இப்போது அந்த வீம்பும் போய்விட்டது.

உன் விதைகளை அவள் தலைமாட்டில் ஊன்றிவிட்டேன். எட்டு வருஷம் என்றால் எட்டு வருஷம். அவளுக்கு இனி எந்த அவசரமும் இல்லை.

தர்மி

*

அம்பராவா
30 டிசம்பர் 1979

தர்மி,

மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

அரிசிப் பானைக்குப் பின்னால் கை விட்டேன். நீ சொன்னது சரி, அங்கேதான் இருந்தது. எலி ஒரு ஓரத்தைக் கடித்திருந்தது. பிரிக்காமலே வைத்திருந்த கடிதத்தை இன்றுதான் பிரித்தேன். "பெண் பிறந்திருக்கிறாள் அக்கா, நன்றாக இருக்கிறாள்" என்று எழுதியிருக்கிறாய். நன்றாக இருக்கிறாள் என்று. அதற்குக் கீழே, "யார் சாடை என்று சொல்ல மாட்டேன், நீயே வந்து பார்த்துச் சொல்" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். குருத்தோலை கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரி பயந்துபோய், "என்னாச்சுக்கா, யாரு போனது?" என்றாள். என் தங்கச்சி பொண்ணு என்றேன். "எப்போ?" என்றாள். ஆகஸ்டில் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

உனக்கு யாருடைய கபர் இருக்கிறது என்று நான் கேட்டேனே. அந்த வரியை எழுதும்போது பேஷாக எழுதிவிட்டோம் என்று நினைத்தேன், தர்மி. இரண்டு முறை வாய்விட்டுப் படித்துக்கூடப் பார்த்தேன்.

என் தொட்டி மரத்தையே அனுப்பிவிடலாம் என்று கடப்பாரையோடு போனேன். அசையவில்லை. இத்தனை வருஷம் ஒரே இடத்தில் விட்டதில் அடி ஓட்டை வழியாக வேர் தரைக்குள் இறங்கிவிட்டது. வெட்டி எடுத்தால் செத்துப்போகும். அதனால் அதிலேயே கட்டைவிரல் கனத்தில் ஒரு நேர்க்கிளையைப் பிடித்து, மோதிரம் போலப் பட்டையை உரித்து, வழவழப்பைக் கத்தி முதுகால் சுத்தமாகச் சுரண்டிவிட்டேன். கொஞ்சம் விட்டாலும் பட்டை மறுபடி கூடிக்கொள்ளும், வேர் வராது. காயவிட்டு, மக்கிய இலைமண் வைத்து, தேங்காய் நாரால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். மேலே கட்டித் தொங்கவிட்ட ஓட்டை டப்பாவிலிருந்து அதன்மேல் தண்ணீர் சொட்டுகிறது. பதியக் கிளைக்குத் தாய்மரத்தின் வயசு. நட்ட வருஷமே பூக்கும்.

மழை நன்றாகப் பெய்கிறது. வேர் வரும்.

அக்கா

*

லாம்புங்
16 மார்ச் 1980

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. அழுதேன் என்று எழுதியிருந்தாய். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் பிள்ளை இருக்கும்போது கடிதத்தைப் பிரிக்காதவள், போன பிறகு அழுதால் என்ன, அழாவிட்டால் என்ன என்று நினைத்தேன். அதையெல்லாம் எழுதியும் வைத்தேன். பர்னோதான் வாங்கிப் படித்துவிட்டு, "இத அனுப்பாதே தர்மி. அவங்களும் தனியா உக்காந்துதான் படிப்பாங்க" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி மாதக்கணக்காகிவிட்டது. அதனால் அனுப்பவில்லை.

உன் விதைகளில் நான்கு முளைத்தன. மூன்றை ஆடு தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் ஒன்றைச் சுற்றி பர்னோ மூங்கில் குத்தியிருக்கிறார். இரண்டே இலை. வேலை முடிந்து வரும் வழியில் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். என்னிடம் சொல்வதில்லை, செருப்பில் இருக்கிற செம்மண்ணைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

பதியம் வேர் விட்டதா? தாண்டுசீரை இன்னும் நீ மாற்றிக் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் மரத்தை அனுப்பாதே. வாக்கை உடைத்து வாங்கிய பூவை அவள் மேல் வைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

தர்மி

*

அம்பராவா
25 மே 1980

தர்மி,

சுரோ சித்தப்பா தன் மகனைப் பார்க்க நாளைக்கு உங்கள் பக்கம் வருகிறார். இவரை விட்டால் ருவா மாதத்துக்குள் வர வேறு ஆள் இல்லை. அதனால் வெட்டிவிட்டேன். மரம் அவர் கையில், கடிதம் அவர் சட்டைப் பையில்.

நார்க்கட்டைப் பிரித்தபோது வேர் இருந்தது, ஆனால் எல்லாம் வெள்ளை வேர். தொட்டால் ஒடியும். பழுப்பு ஏறின பிறகுதான் வெட்ட வேண்டும். இன்னும் ஒரு மாதமாவது விட்டிருக்க வேண்டும். "என்னம்மா இது, புள்ளைய எட்டு மாசத்துலயே வெளிய எடுத்த மாதிரி?" என்று சித்தப்பாவே கேட்டார். வேறு வழியில்லை என்றேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நட்டதும் பாதி இலையைக் கத்தரித்துவிடு. நேர் வெயில் கூடாது, தென்னோலை நிழல் போடு. இன்னொன்றுதான் முக்கியம். நுனியில் மொட்டு இருக்கிறது, பார்த்திருப்பாய். எல்லாவற்றையும் கிள்ளிவிடு. ஒன்றைக்கூட விரிய விடாதே. இந்த வேருக்கு மரத்தையும் பூவையும் சேர்த்துத் தாங்கச் சக்தி கிடையாது. பூத்தால் இருக்கிற உயிரையெல்லாம் பூவுக்குக் கொடுத்துவிட்டு மரம் போய்விடும். மொட்டைக் கிள்ளினால் அடுத்த ருவாவில் கூடை நிறையப் பறிப்பாய், அதற்கடுத்த ருவாவிலும் பறிப்பாய்.

இந்த ருவாவில் அவளுக்குப் பூ இருக்காது. என்னால்தான். முதல் கடிதத்துக்கே பதியம் போட்டிருந்தால் வேர் இந்நேரம் பழுத்திருக்கும். அது எனக்குத் தெரியாமலில்லை.

தாண்டுசீரை மாற்றிக் கேட்கிறேன். என்ன கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ பயப்படாமல் நடு. மரம் உன் வீட்டுக்குப் போகலாம் என்று நானே வாயால் சொல்கிறேன், சித்தப்பா சாட்சி.

அக்கா

*

லாம்புங்
3 ஆகஸ்ட் 1980

அக்கா,

மரம் செத்துவிட்டது.

நான் மொட்டைக் கிள்ளவில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். நீ சொன்ன மாதிரியே இலையைக் கத்தரித்தேன், நிழல் போட்டேன். பிறகு மொட்டுகளுக்கு வந்தேன். நெல்மணி அளவில் மூன்று இருந்தன. நகத்தை வைத்தேன். அழுத்தவில்லை. நாளைக்குக் கிள்ளலாம் என்று விட்டேன். மறுநாளும் அப்படித்தான்.

பர்னோ சொன்னார், "அக்கா சொன்னபடி கிள்ளிடு தர்மி. மரம் நின்னா வருஷா வருஷம் பூக்குமில்ல?" எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "வருஷா வருஷம் எனக்கு வேணாங்க. இந்த வருஷம் வேணும். முதல் வருஷமே அவளுக்கு ஒண்ணும் இல்லாம எப்படிப் போய் நிப்பேன்?" என்று கத்திவிட்டேன். அவர் போய்த் தண்ணீர் கொண்டுவந்து மரத்துக்கு ஊற்றினார்.

நோன்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை மூன்றும் விரிகிற பதத்தில் இருந்தன. அம்மா பறிப்பாளே, விடியும் முன், வாய் திறக்கிறதுக்கு ஒரு விரல்கடை முன்னால், அந்தப் பதம். பறித்து வாழையிலையில் மடித்து எடுத்துப் போனோம். வழியெல்லாம் வாசனை. பக்கத்து வீட்டுக்காரி மூக்கை உறிஞ்சி, "ஐயோ, எங்க ஊர் வாசனை" என்று சொல்லி நடுவழியில் நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். தலைமாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, காலடியில் ஒன்று வைத்தேன். அவ்வளவு சின்ன இடம், அக்கா. மூன்று பூ போதுமாக இருந்தது.

அடுத்த வாரமே இலை சுருள ஆரம்பித்தது. நோன்பு பாதியில் மரம் காய்ந்துபோனது. பர்னோ பிடுங்கிப் பார்த்தார், வேரெல்லாம் கறுத்து நூல் மாதிரி தொங்கியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். படகுத் துறையில்கூட அவர் அழவில்லை.

அவசரக்காரி என்று நீ சொல்லலாம். உன் கல்யாண மரம் அது. இத்தனை வருஷம் நீ யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்ததில் ஒரு கிளையைக் கொடுத்தாய், நான் இரண்டே மாதத்தில் அழித்துவிட்டேன். எப்படித் திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தர்மி

*

அம்பராவா
30 ஆகஸ்ட் 1980

தர்மி,

திட்டப் போவதில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் கிள்ளியிருக்க மாட்டேன். கிள்ளு என்று எழுதும்போதே நீ கிள்ளமாட்டாய் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியும் அனுப்பினேன். அவளுக்கு ஒரு பூவாவது போய்ச் சேரட்டும் என்று எனக்கும் உள்ளுக்குள் இருந்திருக்கிறது. பெரியம்மா என்று ஒருத்தி இருந்தும் அவளுக்கு நான் அனுப்பியது அந்த மூன்று பூ மட்டும்தான்.

நேற்று அம்மாவின் மரத்தில் ஏணி வைத்து ஏறிக் கிளைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதல் மழை விழுந்ததும் மூன்று பதியம் போடுவேன். இந்த முறை வேர் பழுத்த பிறகுதான் வெட்டுவேன். யார் கப்பல் ஏறினாலும் சரி, ருவா மாதம் வந்தாலும் சரி. மஞ்சள் கன்றைச் சுற்றிப் புல் மண்டவிடாதே.

தாண்டுசீர் என்ன கேட்பது என்று முடிவு செய்துவிட்டேன். துணி வேண்டாம், மோதிரம் வேண்டாம். "யார் சாடை என்று நீயே வந்து பார்த்துச் சொல்" என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் இப்போது என் தலையணைக்கடியில் இருக்கிறது. வந்து பார்க்க எனக்கு இனி வழியில்லை. ஒரு போட்டோகூட எடுக்கவில்லை என்று சுரோ சித்தப்பா சொன்னார். ராத்திரி படுத்தால் ஏதேதோ குழந்தை முகம் வருகிறது. பூ வாங்க வருகிறவர்கள் இடுப்பில் இருக்கிற பிள்ளைகள் முகம். எது அவள் என்று எனக்குத் தெரியவில்லை.

நீயே சொல்லிவிடு. அவள் யார் சாடை? நான் கேட்கிற சீர் அதுதான். கொடுத்துவிட்டால் நம் கணக்குத் தீர்ந்தது.

அக்கா

*

லாம்புங்
22 செப்டம்பர் 1980

அக்கா,

உன் சாடை.

நெற்றி உன்னுடையது. காது மடல் உன்னுடையது. கோபம் வந்தால் அழமாட்டாள். கீழுதட்டைப் பிதுக்கிக்கொண்டு, முதுகைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள், எவ்வளவு கெஞ்சினாலும் திரும்பமாட்டாள். பிறந்த அன்றே தெரிந்துவிட்டது. உன்னைத் தாண்டி வந்ததும் இல்லாமல் உன் முகத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று நீ நினைப்பாயோ என்றுதான் கடிதத்தில் எழுதவில்லை. நேரில் பார்த்தால் நீயே தூக்கிக்கொள்வாய் என்று இருந்தேன்.

அவள் சுவரைப் பார்த்து உட்காரும்போதெல்லாம் பர்னோ சிரித்துக்கொண்டே, "பெரியம்மா வந்துட்டாங்கப்பா, எல்லாரும் ஒதுங்கிக்கோங்க" என்பார். சொல்லிச் சொல்லி அவள் அதையே தன் பேர் என்று நினைத்துக்கொண்டாள். ரத்னி என்று கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருப்பாள்.

பெரியம்மா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள், அக்கா.

தர்மி